அபுஜா ஒன்று சொன்னது, ஹேக் வேறொன்று சொன்னது
நீதி தேடிய நூற்றாண்டு – அத்தியாயம் 23

சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோஷே 1998 அக்டோபரில் லண்டனில் கைதானதையும், உடல்நலத்தைக் காரணம் காட்டி 2000 மார்ச்சில் ஊர் திரும்ப விடப்பட்டதையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் கைதுச் செய்தி ஆப்பிரிக்காவின் நடுவே இருக்கும் சாட் நாட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே சிலருக்கு அது வெறும் வெளிநாட்டுச் செய்தியாக இல்லை. எங்களை வதைத்தவனும் வெளிநாட்டில்தானே உட்கார்ந்திருக்கிறான், அவனையும் கூண்டில் ஏற்ற முடியாதா என்று கேட்டார்கள்.

அந்த மனிதர் ஹிசேன் ஹப்ரே. 1982 ஜூன் 7 அன்று ஆயுதபலத்தால் சாட்டின் ஆட்சியைப் பிடித்தார். 1990 டிசம்பர் 1 அன்று, அவருடைய முன்னாள் தளபதியான இத்ரிஸ் டெபியின் படை தலைநகர் எஞ்சமேனாவுக்குள் நுழைந்தபோது, அரசுக் கருவூலத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு தப்பினார். லிபியாவின் கடாஃபியை எதிர்க்க ஆள் வேண்டும் என்பதற்காக அமெரிக்காவும் பிரான்சும் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தன. 1987-ல் வெள்ளை மாளிகையில் ரீகன் அவரை வரவேற்றார். ஆட்சி கவிழ்ந்தபின் செனகல் நாட்டின் டக்கார் நகரம் அவருக்குப் புகலிடம் ஆனது.

அவருடைய ரகசியப் போலீசுக்கு டி.டி.எஸ். என்று பெயர். எஞ்சமேனாவில் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டிய நீச்சல் குளம் ஒன்று இருந்தது. டி.டி.எஸ். அதன் மேல் காங்கிரீட் போட்டு மூடி, உள்ளே சுவர் எழுப்பி, தரைக்கடியில் சிறை ஆக்கியது. சாட்டின் வெப்பத்தில், காற்று நுழையாத அந்தக் குழிக்குள், படுக்க இடமில்லாமல் ஆட்களை அடைத்தார்கள். செத்தவர்களின் உடலைக்கூட உடனே வெளியே எடுக்கவில்லை. ஹப்ரேயின் எட்டாண்டு ஆட்சியில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று சாட்டின் விசாரணைக் கமிஷன் 1992-ல் கணக்கிட்டது.

சுலேமான் கெங்கெங் என்ற கணக்காளர் 1988 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சிறைகளில் கிடந்தார். உயிரோடு வெளியே போனால் இங்கே நடந்ததை உலகத்துக்குச் சொல்வேன் என்று உள்ளேயே சபதம் எடுத்தார். ஹப்ரே ஓடியதும் வீடு வீடாகப் போய், தப்பிப் பிழைத்தவர்களிடமும் விதவைகளிடமும் பேசி, 792 பேருடைய வாக்குமூலங்களை எழுதி வாங்கினார். டெபியின் புதிய ஆட்சியிலும் பழைய டி.டி.எஸ். ஆட்கள் பதவிகளில் தொடர்ந்தார்கள். அதனால் அந்தத் தாள்களை அவர் ஆண்டுக்கணக்கில் தன் வீட்டிலேயே ஒளித்து வைக்க வேண்டியிருந்தது. பின்னால் இரண்டு கண்டங்களின் நீதிமன்றங்களும் ஆணையங்களும் விவாதித்த வழக்குக்கு அந்தத் தாள்களே முதல் அடித்தளம்.

2000 ஜனவரியில், பாதிக்கப்பட்ட ஏழு பேர் டக்காரில் புகார் கொடுத்தார்கள். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் செனகல் கையெழுத்திட்டிருந்தது. அந்த உடன்படிக்கையின்படி, சித்திரவதை செய்தவர் தன் மண்ணில் இருந்தால் ஒரு நாடு அவரை விசாரிக்க வேண்டும்; இல்லையென்றால் விசாரிக்கத் தயாராக இருக்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும். பிப்ரவரியில் நீதிபதி தம்பா காஞ்சி ஹப்ரே மீது குற்றம் சாட்டி வீட்டுக்காவலில் வைத்தார். ஆப்பிரிக்காவின் முன்னாள் ஆட்சியாளர் ஒருவரை இன்னொரு ஆப்பிரிக்க நாடு மனித உரிமைக் குற்றத்துக்காகக் குற்றவாளிக் கூண்டுக்கு இழுத்தது அதுவே முதல் முறை.

அந்த நம்பிக்கை ஆறு மாதம்கூட நிற்கவில்லை. தேர்தலில் வென்று அப்துலாயே வாத் அதிபரானார். காஞ்சி அந்த வழக்கிலிருந்து மாற்றப்பட்டார். வெளிநாட்டில் நடந்த சித்திரவதையை விசாரிக்க நமக்கு உள்நாட்டுச் சட்டம் இல்லை என்று மேல்முறையீட்டு மன்றம் ஜூலையில் வழக்கைத் தள்ளியது. 2001 மார்ச்சில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அதற்கேற்ற சட்டம் இயற்றாமல் விட்டது செனகல் அரசின் தவறு. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் சாட்டின் விதவைகள்.

அவர்கள் பெல்ஜியத்துக்குப் போனார்கள். அந்த நாட்டுச் சட்டம் அப்போது இத்தகைய வழக்குகளுக்கு அகலமாகக் கதவைத் திறந்து வைத்திருந்தது. 2003-ல் பெரிய நாடுகளின் நெருக்குதலால் பெல்ஜியம் அந்தச் சட்டத்தை நீக்கியபோதும், புகார்தாரர்களில் பெல்ஜியக் குடியுரிமை பெற்றவர்கள் இருந்ததால் இந்த வழக்கு மட்டும் தப்பியது. 2005 செப்டம்பரில் பெல்ஜிய நீதிபதி ஹப்ரேயைப் பிடிக்க வாரண்ட் பிறப்பித்தார். செனகல் அவரை அனுப்ப மறுத்து, பிரச்சினையை ஆப்பிரிக்க ஒன்றியத்தின் மடியில் போட்டது. 2006 ஜூலையில் ஒன்றியம், ‘ஆப்பிரிக்காவின் சார்பில் நீங்களே விசாரியுங்கள்’ என்று செனகலிடமே திருப்பிக் கொடுத்தது. செனகல் சட்டங்களையும் அரசியல் சாசனத்தையும் திருத்தியது. விசாரணை மட்டும் தொடங்கவில்லை, பணம் இல்லை என்றார்கள்.

சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம்தான் இருக்கிறதே என்று வாசகர்கள் கேட்கலாம். அது 2002 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த குற்றங்களை மட்டுமே விசாரிக்கும். ஹப்ரேயின் குற்றங்கள் அதற்கு வெகுமுன்பே முடிந்துவிட்டன.

இந்த இடத்தில் வழக்கு இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. ஒரே விஷயம், இரண்டு நீதிமன்றங்கள். ஒன்று அந்தப் பகுதியின் நீதிமன்றம், மற்றது உலகத்தின் நீதிமன்றம்.

நம் ஊரில் நீதிமன்றங்கள் படிக்கட்டு போல. மாவட்ட நீதிமன்றத்துக்கு மேலே உயர் நீதிமன்றம், அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம். மேலே உள்ளது சொன்னால் கீழே உள்ளது கேட்டாக வேண்டும். நாடுகளுக்கு இடையிலான நீதிமன்றங்களுக்கு அப்படிப் படிக்கட்டு கிடையாது. ஒவ்வொன்றும் தனித்தனி ஒப்பந்தத்தில் பிறந்தது. ஒன்றின் தீர்ப்பை எதிர்த்து இன்னொன்றில் மேல்முறையீடு செய்ய முடியாது. ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் எந்தப் பிராந்திய நீதிமன்றமும் அதன் கீழ் இல்லை.

முதல் கிளை நைஜீரியத் தலைநகர் அபுஜாவில். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸுக்கு அங்கே ஒரு நீதிமன்றம் உண்டு. வணிகத் தகராறுகளை மனத்தில் வைத்து உருவானது அது. 2005-ல் வந்த திருத்தம் அதன் குணத்தையே மாற்றியது. உறுப்பு நாடு எதிலும் மனித உரிமை மீறப்பட்டால் சாதாரணக் குடிமகன் நேரே அங்கே போகலாம். உள்ளூர் நீதிமன்றங்களை ஏறி இறங்கி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. இத்தனை எளிதாகத் திறக்கும் கதவு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் இல்லை, அமெரிக்கக் கண்டத்தின் நீதிமன்றத்திலும் இல்லை. நைஜரில் அடிமையாக விற்கப்பட்ட ஹதிஜாத்து மானி என்ற பெண் 2008-ல் அந்தக் கதவு வழியே போய், தன்னைக் காக்கத் தவறிய தன் அரசுக்கு எதிராகவே தீர்ப்பு வாங்கினார்.

அதே ஆண்டில் அதே கதவைத் தட்டியவர் ஹப்ரே. நான் இருப்பது செனகலில். நான் செய்ததாகச் சொல்லும் செயல்களுக்குப் பிறகு இயற்றிய சட்டத்தை வைத்து என்னை விசாரிக்கப் பார்க்கிறார்கள். இது என் மனித உரிமையை மீறுவது என்றார். மனித உரிமை நீதிமன்றம் என்றால் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அங்கே இடம் உண்டு, இருக்கத்தான் வேண்டும். ஆனால் சாட் எகோவாஸில் உறுப்பினர் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். குளத்துச் சிறையில் வதைபட்டவர்கள் சாட் அரசுக்கு எதிராக அபுஜாவுக்குப் போக வழியே இல்லை.

2010 நவம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. செனகல் தன் சாதாரண நீதிமன்றங்களில் ஹப்ரேயை விசாரித்தால், பின்தேதியிட்ட தண்டனைச் சட்டம் கூடாது என்ற விதியை மீறியதாகும். விசாரிக்க வேண்டுமானால், சர்வதேசத் தன்மை கொண்ட தனி நீதிமன்றம் ஒன்றை இதற்கென்றே அமைத்து அதில்தான் விசாரிக்க வேண்டும். சர்வதேச வழக்காறு அதுதான் என்றது அபுஜா.

இந்தத் தீர்ப்பின் தர்க்கம் வலுவற்றது என்பது என் எண்ணம். செனகல் புதிதாக ஒரு குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. 1982-லும் சித்திரவதை உலகமெங்கும் குற்றம்தான். செனகல் தன் நீதிமன்றத்துக்கு அதை விசாரிக்கும் அதிகாரத்தைக் கொடுத்தது, அவ்வளவே. செய்த காலத்திலேயே உலக நாடுகள் குற்றம் என்று ஏற்றுக்கொண்டிருந்த செயலைப் பிறகு தண்டிக்கலாம் என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 15-ஆவது பிரிவே வெளிப்படையாக இடம் தருகிறது. தனி நீதிமன்றம்தான் வழக்காறு என்பதும் வரலாற்றோடு பொருந்தவில்லை. 1961-ல் நாஜி அதிகாரி ஐக்மனை விசாரித்தது ஜெருசலேமின் மாவட்ட நீதிமன்றம். பினோஷே வழக்கைக் கேட்டவை பிரிட்டனின் வழக்கமான நீதிமன்றங்கள்.

தீர்ப்பு வந்த அதே நவம்பரில், விசாரணைச் செலவுக்காக சுமார் 86 லட்சம் யூரோ தர நன்கொடை நாடுகள் டக்காரில் ஒப்புக்கொண்டன. பணம் இல்லை என்ற சாக்கு போனது, அபுஜா தீர்ப்பு என்ற புதுச் சாக்கு வந்தது. 2011 ஜூலையில் வாத் அரசு திடீரென்று, ஹப்ரேயை விமானத்தில் ஏற்றி சாட்டுக்கே அனுப்பப்போவதாக அறிவித்தது. அங்கே அவருக்கு ஏற்கெனவே, அவர் இல்லாத இடத்தில், மரண தண்டனை விதித்திருந்தார்கள். போனால் கொல்லப்படுவார், விசாரணையும் சாட்சியமும் இல்லாமல் எல்லாம் புதைந்துபோகும். ஐ.நா. மனித உரிமை ஆணையர் உடனே தலையிட்டு, அவரை அனுப்பாதீர்கள், முறையான விசாரணை நடத்துங்கள் என்று வேண்டினார். வாத் பின்வாங்கினார். அந்த ஆணையர் நவநீதம் பிள்ளை. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, பேருந்து ஓட்டுநரின் மகளாக வளர்ந்தவர். ருவாண்டா தீர்ப்பாயத்தின் நீதிபதியாக இருந்தபோது, வன்புணர்ச்சியும் இனப்படுகொலையின் ஆயுதமாகலாம் என்ற 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் பங்கேற்றவர். சாட்டின் கொடுங்கோலரை அவசரச் சாவிலிருந்து காப்பாற்றி நீதிமன்றத்துக்காக மீதம் வைத்தவர்களில் ஒரு தமிழ்ப் பெண்ணும் உண்டு என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கிளை ஹேக்கில். சர்வதேச நீதிமன்றத்தில் நாடுகள் மட்டுமே வழக்காட முடியும். கெங்கெங்கால் அங்கே வாய் திறக்க முடியாது. அதனால் பெல்ஜியம் 2009 பிப்ரவரியில் செனகலுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. செனகலின் வாதங்களில் ஒன்று நமக்கு முக்கியம். விசாரிக்க மனம் இருக்கிறது, ஆனால் எங்கள் பிராந்திய நீதிமன்றம் கையைக் கட்டிவிட்டது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பதே அது.

2012 ஜூலை 20 அன்று ஹேக் பதில் சொன்னது. உடன்படிக்கையின் கீழ் செனகலுக்கு இருக்கும் கடமையை எகோவாஸ் நீதிமன்றத் தீர்ப்பு பாதிக்க முடியாது. பணம் இல்லை என்பதும், ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் பொறுப்பை விட்டோம் என்பதும் சாக்காகாது. ஒப்படைக்கவில்லை என்றால், இனியும் தாமதிக்காமல் ஹப்ரேயை வழக்கு விசாரணைக்கு அனுப்ப வேண்டும். இந்தக் கடைசி உத்தரவு ஒருமனதாக வந்தது.

ஹேக் சொன்னதைப் போலவே சொல்லாமல் விட்டதும் முக்கியம். அபுஜா தீர்ப்பு தவறு என்று அது சொல்லவில்லை, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்லவில்லை. அதைத் தொடாமல் பக்கத்தில் வைத்துவிட்டு, உலகத்துக்குக் கொடுத்த வாக்கு வேறு, கூட்டமைப்புக்குள் கொடுத்த வாக்கு வேறு, இரண்டையும் எப்படி நிறைவேற்றுவது என்பது உன் பாடு என்று செனகலிடம் விட்டது. படிக்கட்டு இல்லாத உலகில் நீதிமன்றங்கள் ஒன்றையொன்று நடத்தும் முறை பெரும்பாலும் இதுதான். ஆனால் அந்த இடைவெளியில் ஒரு அரசு எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ள முடியும் என்பதுதான் என் கவலை. செனகல் பன்னிரண்டு ஆண்டு ஒளிந்திருந்தது. அதற்குள் சாட்சிகள் பலர் செத்துப்போனார்கள்.

நல்வாய்ப்பாக, 2012 மார்ச் தேர்தலில் வாத் தோற்று மாக்கி சால் அதிபராகியிருந்தார். ஹேக் தீர்ப்பு வந்து ஐந்து வாரத்துக்குள், ஆகஸ்ட் 22 அன்று, செனகலும் ஆப்பிரிக்க ஒன்றியமும் ஒப்பந்தம் போட்டன. செனகலின் நீதிமன்ற அமைப்புக்குள்ளேயே ‘ஆப்பிரிக்கச் சிறப்பு அமர்வுகள்’ என்ற தனி மன்றம். செனகல் நீதிபதிகளோடு, விசாரணை அமர்வுக்குத் தலைமை தாங்க வேறொரு ஆப்பிரிக்க நாட்டு நீதிபதி. சர்வதேசத் தன்மை வேண்டும் என்ற அபுஜாவின் நிபந்தனைக்கு அதுவே பதில். தாமதிக்காதே என்ற ஹேக்கின் ஆணைக்கும் அதுவே பதில். அபுஜா தீர்ப்பின் தர்க்கம் வலுவற்றது என்று மேலே சொன்னேன். ஆனால் ஆப்பிரிக்க மண்ணில் ஆப்பிரிக்க நீதிபதிகள் ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரை விசாரிக்கும் வடிவம் கிடைத்தது அந்தத் தீர்ப்பால்தான். பெல்ஜியத்தில் நடந்திருந்தால் வெள்ளைக்காரன் தீர்ப்பு என்ற பழி கடைசிவரை ஒட்டியிருக்கும்.

2013 ஜூன் 30 அன்று ஹப்ரே கைதானார். மறுபடியும் அபுஜாவுக்கே ஓடி, இந்தச் சிறப்பு மன்றத்தை நிறுத்துங்கள் என்று கேட்டார். இது ஆப்பிரிக்க ஒன்றியத்தோடு செய்த ஒப்பந்தத்தில் பிறந்த மன்றம், இதில் எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நவம்பரில் அபுஜா ஒதுங்கிக்கொண்டது.

2015 ஜூலை 20 அன்று டக்கார் நீதிமன்றத்தில் விசாரணை தொடங்கியது. ஹப்ரே வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக வந்து, கறுப்புக் கண்ணாடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, இந்த மன்றத்தை ஏற்கமாட்டேன் என்றார். அவருடைய வக்கீல்கள் வரவில்லை. நீதிமன்றமே வேறு வக்கீல்களை நியமித்து 45 நாள் அவகாசம் கொடுத்தது. செப்டம்பரில் காவலர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். 93 சாட்சிகள் பேசினார்கள். அவர்கள் முன் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

காகிதங்கள் பேசின. மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் ரீட் பிராடி 2001-ல் எஞ்சமேனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த டி.டி.எஸ். அலுவலகத்துக்குள் போனபோது, தரை முழுக்கத் தாள்கள் சிதறிக் கிடந்தன. அவற்றைப் பொறுக்கிப் பிரித்ததில், காவலில் கொல்லப்பட்ட அல்லது செத்த 1,208 பேரின் பெயர்கள் மட்டும் கிடைத்தன. நோயுற்ற போர்க்கைதிகளை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற செஞ்சிலுவைச் சங்கத்தின் வேண்டுகோளும் ஒரு கோப்பில் இருந்தது. இனி எந்தப் போர்க்கைதியும் பிணமாக அன்றி வெளியே போகக்கூடாது என்ற பொருளில் அதில் கையால் எழுதிய குறிப்பு இருந்தது. அந்தக் கையெழுத்து ஹப்ரேயுடையது என்று நிபுணர் உறுதி செய்தார். எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் கீழே இருந்தவர்கள் செய்தது என்று இனி யாரும் சொல்ல முடியாமல் போனது.

பாதிக்கப்பட்டவர்களின் வக்கீல் ஜாக்லின் முதெய்னா. 2001-ல் எஞ்சமேனாவில் பெண்கள் நடத்திய போராட்டத்தில் போலீஸ் வீசிய கையெறி குண்டின் சில்லுகளைக் காலில் சுமந்தபடி பதினைந்து ஆண்டு இந்த வழக்கை நடத்தியவர். 2016 மே 30 அன்று, புர்க்கினா ஃபாசோவைச் சேர்ந்த தலைமை நீதிபதி குஸ்தாவ் காம் தீர்ப்பை வாசித்தார். மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை. ஆயுள் தண்டனை. மன்றத்தில் இருந்த பெண்கள் எழுந்து குலவையிட்டார்கள்.

2017 ஏப்ரல் 27 அன்று, மாலி நாட்டு நீதிபதி வாஃபி தலைமையிலான மேல்முறையீட்டு அமர்வு ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. ஹப்ரே தானே வன்புணர்ந்தார் என்ற ஒரு பகுதியை மட்டும், தொடக்கக் குற்றப்பத்திரிகையில் அது இடம்பெறவில்லை என்ற நடைமுறைக் காரணத்தால் நீக்கியது. சாட்சி சொன்ன பெண்ணின் வாக்கை அது சந்தேகிக்கவில்லை. 7,396 பேருக்கு 8,200 கோடி ஃபிராங்க் இழப்பீடு தரவேண்டும் என்றும் ஆணையிட்டது.

ஹேக் தீர்ப்பின் இன்னொரு பகுதி வேறொரு இடத்தில் முளைத்தது. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் சேர்ந்த எந்த நாடும், தனக்கு நேரடிப் பாதிப்பு இல்லாவிட்டாலும், இன்னொரு உறுப்பு நாடு கடமை தவறினால் வழக்குப் போடலாம் என்று 2012-ல் அது சொல்லியிருந்தது. அந்த வழியில்தான் 2019-ல் சின்னஞ்சிறு காம்பியா, ரோகிங்கியா மக்களுக்காக மியான்மரை ஹேக்கில் நிறுத்தியது. 2023-ல் காஸா மக்களுக்காக தென்னாப்பிரிக்கா இஸ்ரேல் மீது வழக்குப் போட்டதற்கும் அதே அடிப்படைதான்.

ஹப்ரே 2021 ஆகஸ்ட் 24 அன்று கொரோனாவால் டக்காரில் இறந்தார். இழப்பீடு கொடுக்க ஆப்பிரிக்க ஒன்றியம் அமைக்க வேண்டிய நிதி, அவர் சாகும்வரை ஒருவருக்கும் ஒரு ஃபிராங்க் தரவில்லை. 2024 பிப்ரவரியில் சாட் அரசு தன் பங்காக 1,000 கோடி ஃபிராங்கைப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. ஆளுக்குச் சுமார் 9,25,000 ஃபிராங்க் வந்தது. நீதிமன்றம் சொன்னதில் அது மிகச் சிறு பகுதி. எந்த நீதிமன்றத்துக்கு மேலே எது என்ற விவாதத்தைப் பேராசிரியர்கள் தொடரட்டும். அந்த முதியவர்களின் பணத்தை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கொடுத்து முடிப்பது ஆப்பிரிக்க ஒன்றியத்தின் கடமை.

ஹப்ரேக்குத் தண்டனை விதித்த நீதிபதியின் நாடான புர்க்கினா ஃபாசோவும், அதை உறுதி செய்த நீதிபதியின் நாடான மாலியும், கூடவே நைஜரும், 2025 ஜனவரி 29 அன்று எகோவாஸிலிருந்து வெளியேறிவிட்டன. ஹதிஜாத்து மானி திறந்த கதவு அவருடைய நாட்டு மக்களுக்கு இப்போது மூடிக்கிடக்கிறது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2024 டிசம்பரில், காம்பியாவின் முன்னாள் அதிபர் யஹ்யா ஜாமே காலத்துக் குற்றங்களை விசாரிக்கத் தனி மன்றம் ஒன்றுக்கு அதே எகோவாஸ் ஒப்புதல் கொடுத்தது. அந்தக் கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)